கொல்லைப்புறத்துத் தக்காளி

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தையொட்டித் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்து, சென்னையில் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய் என்று அரசாங்கமே விற்கவேண்டிய நிலைமை ஏற்பட்டபோது, அதுவரை செடி கொடிகளின் பக்கம் திரும்பியும் பாராத அநேகக் குடும்பங்களில், கொல்லையிலோ மொட்டைமாடியிலோ நாலு தக்காளிச் செடி வைத்தே தீரவேண்டும் என்ற உற்சாகம் பிறந்தது. விலை தணிந்ததும் அந்த உற்சாகம் பெரும்பாலோரிடத்தில் தணிந்துபோனாலும், அன்று தொடங்கியதை இன்றுவரை சிரத்தையோடு நடத்திவருகிறவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் ரசாயன மருந்தை வீட்டுக்குள் கொண்டுவர விரும்பாதவர்கள். குழந்தைகள் பறித்த கையோடு கடித்துத் தின்னும் பழத்தில் விஷம் இருக்கலாகாது என்ற அவர்கள் நியாயம் எனக்கும் பரிபூரண சம்மதமே. ஆயினும், இலை சுருண்டால் எதைத் தெளிப்பது, பூ உதிர்ந்தால் எதை ஊற்றுவது என்று அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனிக்கும்போது, கடைமருந்தை விட்டவர்கள் அதைச் சார்ந்த மனோபாவத்தை இன்னும் விட்டபாடில்லை என்று தோன்றுகிறது. வீட்டில் தயாரிக்கும் உரமும் கஷாயமும் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை. வியாதி கண்ட பிறகு அவசரமாகக் கலக்கி ஊற்றுகிறவர்களைவிட, நாற்று மண்ணில் கால் ஊன்றுவதற்கு ஒரு மாதம் முன்பே காரியத்தைத் தொடங்குகிறவர்களுக்கே அவை பலன் தரும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் மண். நன்றாக மக்கி, சாண நாற்றம் அறவே போய், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும் தொழுவுரத்தையோ மண்புழு உரத்தையோ செம்மண்ணோடு கலந்து, அதில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கையும் சேர்த்து, ஈரம் காயாமல் மூன்று நான்கு வாரம் போட்டுவைத்தால், நாற்று நடும் வேளையில் அந்த மண் உயிரோடு இருக்கும். வேப்பம் புண்ணாக்கு உரமாவதோடு, தக்காளி வேரில் முடிச்சு முடிச்சாகப் புடைக்கச் செய்யும் நூற்புழுவையும் ஓரளவு கட்டுப்படுத்துகிறது. சமையலறைக் கழிவுகளைப் பொறுத்தவரை ஒரு ஜாக்கிரதை அவசியம். வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, காய்கறித் தோல் ஆகியவற்றைப் பச்சையாகவே செடியடியில் போடுகிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அவை மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையே தற்காலிகமாக எடுத்துக்கொள்வதல்லாமல், எறும்பையும் ஈயையும் கூட்டிவரும். எல்லாவற்றையும் வேறொரு தொட்டியில் காய்ந்த சருகோடு அடுக்கி, மக்கவைத்துப் பிறகு இடுவதே சிலாக்கியம். விறகடுப்புச் சாம்பல் கிடைக்கிறவர்கள் பாக்கியசாலிகள். அதில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் நிறைய உண்டு. ஆனால் அதைப் பச்சைச் சாணத்தோடு கலந்தால் தழைச்சத்து காற்றில் போய்விடும். இரண்டையும் வெவ்வேறு நாளில் இடவேண்டும்.

நட்ட பிறகு கொடுக்கும் திரவ உரங்களில் பஞ்சகவ்யத்துக்கு இன்று இருக்கும் பிரசித்தி வேறொன்றுக்கும் இல்லை. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் அவர்கள் அதைப் பயிர்களுக்குப் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் அதைக் கைக்கொண்டிருக்கிறார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் என்பது தெளிக்கும் அளவு. ஆனால் நெய்யும் பாலும் தயிரும் இளநீரும் சேர்த்து ஒரு மாத காலம் காலையும் மாலையும் கலக்கிவிட வேண்டிய அந்தத் தயாரிப்பு, பத்துத் தொட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சற்று அதிகமே. அவர்களுக்கு அமிர்தக் கரைசலையே நான் சிபாரிசு செய்கிறேன். ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், ஒரு சிறு துண்டு வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊறினால் போதும், ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்துச் செடியடியில் ஊற்றலாம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்த நீரும் நல்ல உரமே. என்றாலும் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் தழைச்சத்து அடங்கிய பொருளாதலால், செடி பூப்பிடிக்கும் தருணத்தில் அதைக் கைதாராளமாக ஊற்றினால், கரும்பச்சை இலையோடு செடி கொழுகொழுவென்று வளர்ந்து, பூ மட்டும் வராமல் நின்றுவிடும். அசுவினியும் வெள்ளை ஈயும் அப்படிப்பட்ட மெல்லிய இலையைத்தான் தேடிவருகின்றன. பூச்சித் தொல்லை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, நாம் பிரியத்தால் அதிகமாக ஊட்டியதன் விளைவு என்பதை அநேகர் உணர்வதில்லை.

நாற்று இருபத்தைந்து நாளில் நடவுக்குத் தயாராகும். தண்டின் கீழ்ப்பகுதியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, முதல் இலைக் கணு வரையில் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நட்டால், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். கொல்லைக்கு ஏற்ற ரகம் பி.கே.எம். 1; தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட அந்தத் தக்காளி, காம்பருகே பச்சை படர்ந்து தட்டையாக இருக்கும், நல்ல புளிப்பு உடையது. ரசத்துக்கு அதற்கு நிகராக இன்னொன்றை நான் அறியேன்.

பூவைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தக்காளிப் பூவின் மகரந்தப் பைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கூம்பாகச் சேர்ந்திருக்க, சூல்முடி அந்தக் கூம்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மகரந்தம் பையின் உட்புறமாகத்தான் உதிரும். அப்படி உதிர்வதற்குப் பூ அதிரவேண்டும். திறந்த வெளியில் காற்றே அந்தக் காரியத்தைச் செய்துவிடும். நீலப்பட்டைத் தேனீயும் பெரிய கருவண்டும் பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்த்துக்கொள்ளும் விந்தையைக் காலை வேளையில் கிட்ட நின்றால் பார்க்கலாம். அந்த ரீங்காரம் பறக்கும்போது வரும் ஓசையைவிடச் சுருதி கூடியதாக இருக்கும். நாலு பக்கமும் சுவரும் மேலே நிழல்வலையும் உள்ள மாடிகளில் காற்றும் இல்லை, வண்டும் வருவதில்லை. அங்கே காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும், பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் போதும். விரல் நகத்தைக் கூம்பின் நுனிக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டு சுண்டினால், வெளிர்மஞ்சள் பொடி நகத்தின்மேல் படிவதைக் கண்ணாலேயே காணலாம். தேமோர்க் கரைசலும் அரப்பு மோர்க் கரைசலும் பூப்பிடிக்க உதவும் என்று அனுபவஸ்தர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் பகலில் 35 டிகிரிக்கு மேலும், இரவில் 24 டிகிரிக்கு மேலும் உஷ்ணம் இருக்கிற சித்திரை வைகாசியில் மகரந்தமே சக்தி இழந்துவிடுவதால், அப்போது எந்தக் கரைசலைத் தெளித்தும் பூ நிற்காது.

பக்கத்து வீட்டுப் பெண் சென்ற வாரம் கையில் ஒரு காயோடு வந்து, “மாமா, வாரம் தவறாம முட்டை ஓடு போடறேன். அப்படியும் காயோட அடி ஏன் இப்படிக் கறுத்துப்போகுது?” என்று கேட்டாள். “தண்ணி எப்பம்மா ஊத்துவே?” என்றேன். கல்லூரி இல்லாத நாட்களில் இரண்டு வேளையும், மற்ற நாட்களில் ஞாபகம் வந்தால் ஒரு வேளையும் என்றாள். காயின் அடி கறுத்து அமுங்குவது பூச்சியாலோ பூஞ்சணத்தாலோ வருவதன்று. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாமையால் வருவது. அந்தச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். ஏறுவதிலும் நீரை அதிகமாக ஆவியாக்கும் இலைகளுக்கே முதற்பங்கு போய், காயின் அடிப்பகுதிக்குக் கடைசியில் மிஞ்சியதுதான் கிடைக்கும். ஆகையால் மண்ணில் சுண்ணாம்பு போதிய அளவு இருந்தும், ஒரு நாள் காய்ந்தும் ஒரு நாள் சதசதவென்றும் இருந்தால் காய் அழுகத்தான் செய்யும். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும். பொடியாக அரைத்து மண் தயாரிக்கும்போதே சேர்த்தால் பிரயோஜனம் உண்டு. இந்தச் செடிக்கு வேண்டியதெல்லாம், சருகால் ஒரு மூடாக்கும் தினந்தோறும் ஒரே வேளையில் ஒரே அளவு தண்ணீரும்தான்.

இனிப் பூச்சிகள். வேம்பைப்போல் நமக்கு வாய்த்த மருந்து பிற தேசங்களில் அரிது. 1962-ஆம் ஆண்டில் தில்லிப் பக்கம் வெட்டுக்கிளிப் படை இறங்கியபோது, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். பிரதான் என்ற பூச்சியியல் அறிஞர் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிர்மீது தெளித்துப் பரீட்சை செய்ததில், வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தனவே தவிர அந்தப் பயிரைத் தின்னவில்லை. வேம்பின் குணமே அதுதான். அது பூச்சியை உடனே கொல்லாமல், தின்ன வொட்டாமலும், தோலுரித்து வளர வொட்டாமலும் தடுக்கிறது. தெளித்த மறுநாள் புழு உயிரோடிருப்பதைப் பார்த்துவிட்டு வேம்பைக் குறைகூறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனி ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி எடுத்துவைத்த கொட்டை, மூன்று மாதத்திலிருந்து எட்டு மாதம் வரையில்தான் முழு வீரியத்தோடிருக்கும். மார்கழித் தக்காளிக்கு வேண்டிய மருந்தை ஆடியிலேயே சேகரித்திருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். உடைத்த பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிட்டுப் பிழிந்தால், பால்போல் வெண்மையான சாறு இறங்கும். கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் அது இலையில் ஒட்டும். வெயிலில் அதன் சக்தி அழிந்துவிடுமாதலால் சாயங்காலத்தில், இலையின் அடிப்புறம் நனையும்படி, வாரம் ஒரு முறை தெளிக்க வேண்டும்.

ஆடு மாடு கடிக்காத தழைகளாகிய நொச்சி, ஆடாதோடை, எருக்கு போன்றவற்றை இடித்துக் கோமியத்தில் ஊறவைக்கும் மூலிகைக் கரைசலும் வேம்புக்குத் துணையாக நிற்கும். புகையிலைக் கஷாயத்தை மாத்திரம் நான் ஒப்புக்கொள்வதில்லை. அது மனிதருக்கும் விஷம், தேனீக்கும் விஷம், அதோடு புகையிலையைப் பீடிக்கும் தேமல் நோய் தக்காளியையும் பீடிக்கும். பீடி பிடித்த கையைச் சோப்பால் கழுவாமல் செடியைத் தொடுவதுகூட ஆபத்துதான்.

எந்தக் கரைசலுக்கும் கட்டுப்படாத சங்கடம் இலைச்சுருட்டை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் வருவது அது. நுனி இலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, செடி கட்டைக்குட்டையாக நின்றுவிட்டால் அதற்குப் பரிகாரம் கிடையாது. நாளுக்கொரு கஷாயம் தெளித்து அந்தச் செடியைக் காப்பாற்ற முயல்வது பக்கத்துச் செடிகளுக்குச் செய்யும் அநியாயம். தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்தவேண்டும். மஞ்சள் வர்ணம் பூசிய தகர மூடியில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால், எத்தனை வெள்ளை ஈ வந்திருக்கிறது என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும். இலைக்குள்ளேயே சுரங்கம் பறித்து வெண்திட்டாக்கும் ஊசித் துளைப்பான், தக்காளியின் பூர்விகமான தென்னமெரிக்காவிலிருந்து அதைப் பின்தொடர்ந்து 2014-இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது; திட்டு விழுந்த இலையை உடனுக்குடன் கிள்ளி எரிப்பதே அதற்கு வழி.

காய்ப்புழுவுக்குக் கையைவிட நல்ல கருவி இல்லை. தலையைக் காய்க்குள் புதைத்து, உடம்பின் பின்பாதியை வெளியே நீட்டிக்கொண்டு அது தின்பதால், விடியற்காலையில் தேடினால் சுலபமாக அகப்படும். தேடி முடிக்கும்போது விரல்களில் மஞ்சளும் பச்சையுமான ஒரு பிசின் ஏறியிருக்கும்; சோப்புப் போட்டால் நுரையே மஞ்சளாகும். இடம் உள்ளவர்கள் பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைப்பது விஞ்ஞானிகள் சொன்ன யோசனை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லிப் பூவை நாடிப்போய் அங்கே முட்டையிடும். தக்காளி நாற்று இருபத்தைந்து நாள் வயதில் நடப்படும்போது செண்டுமல்லி நாற்று நாற்பது நாள் வயதுள்ளதாக இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து பூக்கும். மாடியில் நாலு தொட்டிக்கு நடுவே ஒரு செண்டுமல்லித் தொட்டி இருந்தாலும் நல்லதே.

விதை எடுக்க விரும்புகிறவர்கள், நோய் காணாத செடியில் இரண்டாம் மூன்றாம் கொத்திலுள்ள பழத்தை நன்றாகக் கனியவிட்டுப் பறித்து, சதையோடு பிசைந்து ஒரு பாத்திரத்தில் ஓரிரண்டு நாள் புளிக்க வைத்து, விதைமேல் உள்ள வழுவழுப்பு கரைந்ததும் கழுவி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வைக்கலாம். வீரிய ஒட்டு ரக விதை வாங்கி நட்டவர்களுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். அதன் குணம் அடுத்த தலைமுறையில் பலவாறாகப் பிரிந்துபோகும். ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கார்த்திகை முதல் வாரத்தில் விதை போட்டால், மார்கழித் தொடக்கத்தில் நட்டு, தைப் பனியில் பூ நின்று, மாசியில் பழம் பறிக்கலாம். அதற்கான மண்ணை ஐப்பசியிலேயே கலந்து, மழைநீர் தேங்காத இடமாகப் பார்த்து மூடிவைக்க வேண்டும்.