'நான்' என்ற எல்லைக்கோடு

திருமலையில் முடிகாணிக்கை செலுத்தும் கல்யாணகட்டாவுக்கு இரவு, பகல் என்ற பேதம் கிடையாது. விவசாயி, வங்கி அதிகாரி, கல்லூரி மாணவி, கைக்குழந்தை என்று வரிசையாக வருகிறார்கள், தலையைக் குனிகிறார்கள். சில நிமிடங்களில் எல்லாத் தலைகளும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. கூட வந்த உறவினர்களே ஒரு கணம் அடையாளம் தெரியாமல் தடுமாறுவது அங்கே சகஜம். இறைவனுக்குக் கொடுப்பது முடியை அல்ல, அகந்தையை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வதுண்டு. அகந்தை எவ்வளவு நாளில் திரும்ப முளைக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

திருப்பதியிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாகப் பயணம் செய்தால் மதனப்பள்ளி. அதற்கு அருகே, பாறைக் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ரிஷிவேலி பள்ளிக்கூடம். மாலை நேரத்தில் மாணவர்கள் ஓரிடத்தில் கூடி, சூரியன் மறைவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அங்கே நீண்ட நாள் வழக்கம். மந்திரம் கிடையாது, வேண்டுதல் கிடையாது, காணிக்கையும் கிடையாது.

இரண்டு இடங்களுக்கும் வெளிப்பார்வைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டுமே ஒரு பழைய கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: 'நான்' என்று நாம் சொல்வது எதை? இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை உலக மேடைக்குக் கொண்டுபோன இரண்டு இந்தியர்கள் இந்த வட்டாரத்திலிருந்தே புறப்பட்டார்கள் என்பதுதான் சுவாரசியம். ஒருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மற்றவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி.

முன்னவர் 1888-ல் திருத்தணியில் பிறந்தார். எட்டு வயதில் திருப்பதிக்கு வந்து, ஜெர்மானிய லூத்தரன் மிஷனரிகள் நடத்திய பள்ளியில் படித்தார். பின்னவர் 1895-ல் மதனப்பள்ளியில் பிறந்தார். இருவருமே தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பத்துப் பிள்ளைகள். இருவரையும் வளர்த்தெடுத்தது சென்னை. ஆனால் போய்ச் சேர்ந்த இடங்கள் நேர் எதிரானவை.

இவர்கள் பிறந்தபோது சித்தூர் என்ற மாவட்டமே இல்லை. திருத்தணியும் திருப்பதியும் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. மதனப்பள்ளி கடப்பை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-ல் அது ஆந்திரத்துக்குப் போனது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. 2022-ல் ஆந்திர மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமானது. மதனப்பள்ளியும் சித்தூரிலிருந்து பிரிந்தது. மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 'எங்களுடையது' என்று சொல்கிறவர்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தன்னைப் பற்றிய கேள்வி எழ இதைவிடப் பொருத்தமான நிலம் இருக்க முடியாது.

கேள்வி இம்மண்ணுக்குப் புதிதும் அல்ல. ராமானுஜர் திருப்பதியில் தங்கி, தம் தாய்மாமன் திருமலை நம்பியிடம் ராமாயணப் பொருள் கேட்டார் என்பது வைணவ மரபு. உயிர் பொய்த் தோற்றமல்ல, அது இறைவனுக்கு உடலாக இருக்கும் உண்மைப் பொருள் என்பது அவருடைய சித்தாந்தம். திருப்பதிக்கு அருகிலுள்ள காளத்தியில் கண்ணப்பன் கதை இன்னொரு பதிலைச் சொல்கிறது. அந்த வேடன் தன்னை ஆராயவில்லை. அன்பின் வேகத்தில் தன்னை மறந்தான். இன்னும் பின்னால் போனால், 'நான்', 'என்னுடையது' என்ற இரண்டு செருக்குகளையும் ஒரே குறளில் கட்டிப்போட்ட வள்ளுவர் இருக்கிறார்.

ராதாகிருஷ்ணனைத் தத்துவத்தின் பக்கம் தள்ளியது ஒருவிதத்தில் அவமான உணர்ச்சி. திருப்பதியில் தொடங்கி, வேலூர் வழியாகச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வரை அவர் படித்ததெல்லாம் மிஷன் நிறுவனங்களில். இந்து சமயத்தின் மீது அங்கே வைக்கப்பட்ட விமரிசனங்கள் அவரை உறுத்தின. உலகமே மாயை என்றால் அடுத்தவன் பசியும் மாயைதானே, அப்புறம் ஒழுக்கத்துக்கு என்ன வேலை? சுருக்கமாகச் சொன்னால் குற்றச்சாட்டு இதுதான். அதற்குப் பதிலாகவே வேதாந்தத்தின் அறநெறி பற்றிய தன் முதல் ஆய்வை அவர் எழுதினார். அது 1908-ல் அச்சானது. அப்போது அவருக்கு இருபது வயது. ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் கிறிஸ்தவ இறையியல் அறிஞர். ஆனாலும் மாணவனின் ஆய்வை மனம்விட்டுப் பாராட்டினார்.

அவர் தந்த பதிலின் சாரம் இது: நாம் அன்றாடம் 'நான்' என்று சொல்லும் அகங்காரம் மேலோட்டமானது. அதற்கு ஆழத்தில் இருக்கும் ஆன்மா எல்லோரிடமும் ஒன்றே. ஆகவே அடுத்தவனை நேசிக்க வேண்டும் என்பது வெறும் கட்டளை அல்ல. உண்மையைப் புரிந்துகொண்டதன் இயல்பான விளைவு. மாயை என்பதற்கு 'உலகம் இல்லை' என்று அவர் பொருள் கொள்ளவில்லை. உலகம் தன்னைத் தானே தாங்கி நிற்பது அல்ல என்றே பொருள் கொண்டார். மனிதநேயத்துக்கு வேதாந்தத்தில் அஸ்திவாரம் தேடிய முயற்சி இது.

கிருஷ்ணமூர்த்தியைத் தள்ளியது இழப்பு. பத்து வயதில் தாயை இழந்தார். தந்தை அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1909-ல் குடும்பத்தோடு அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்கு வந்தார். அதே ஆண்டு அங்கே கடற்கரையில் சி.டபிள்யூ. லெட்பீட்டரின் கண்ணில் பட்டான் சிறுவன். வரப்போகும் உலக குரு இவனே என்று சபையின் தலைமை முடிவு செய்தது. அன்னி பெசன்ட் தத்தெடுத்தது போல வளர்த்தார். 1911-ல் அவரைச் சுற்றி 'நட்சத்திர சங்கம்' ஒன்றும் எழுந்தது. 1925 நவம்பரில் தம்பி நித்யானந்தா கலிபோர்னியாவில் காசநோயால் இறந்தார். கண்ணுக்குத் தெரியாத மகான்கள் தம்பியைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பியிருந்தார் அண்ணன். இந்தியாவுக்கு வரும் வழியில், கப்பலில் அவருக்குச் செய்தி கிடைத்தது. பல நாள் அழுதார். நம்பிக்கையின் அடித்தளம் ஆடியது அங்கேதான்.

1929 ஆகஸ்ட் 3. ஹாலந்தில் ஓமன் என்ற இடத்தில் கூடியிருந்த சங்க உறுப்பினர்கள் முன்னிலையில், முப்பத்துநான்கு வயது கிருஷ்ணமூர்த்தி சங்கத்தைக் கலைத்தார். உண்மைக்குப் பாதை போட முடியாது, அதை அமைப்பாக்க முடியாது, தனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். நன்கொடையாக வந்த நிலங்களும் மாளிகையும் கொடுத்தவர்களுக்கே திரும்பின. அதே ஆண்டில்தான், நாற்பத்தோரு வயது ராதாகிருஷ்ணன் இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஹிபர்ட் சொற்பொழிவுகளை நிகழ்த்த அழைக்கப்பட்டார். ஒருவர் கீழை மரபின் தூதராக மேற்கில் மேடை ஏறினார். மற்றவர் தனக்குப் போட்டுத் தந்த மேடையை விட்டு இறங்கினார்.

கிருஷ்ணமூர்த்தி சொன்னதைச் சுருக்குவது கடினம் என்பார்கள். ஓர் உதாரணத்தால் நெருங்கலாம். 'எனக்குக் கோபம் வந்தது, நான் அடக்கிக்கொண்டேன்' என்கிறோம். கோபம் ஒன்று, அதை அடக்குகிற 'நான்' வேறொன்று என்று நினைப்பு. இரண்டும் ஒன்றே என்கிறார் அவர். பழைய நினைவுகள், பயங்கள், ஆசைகள் ஆகியவற்றின் மூட்டைதான் 'நான்'. மூட்டையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை அடக்குவதற்குப் பெயர் ஒழுக்கம் அல்ல, உள்நாட்டுப் போர். மதம், மொழி, தேசம் என்று இந்த மூட்டை தன்னைக் கட்டிக்கொள்ளும் கயிறுகள் பாதுகாப்பு தருவது போலத் தோன்றும். ஆனால் அவைதான் மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்கின்றன. அழியாத ஆன்மா என்பதும்கூட எண்ணம் தனக்காக உண்டாக்கிக்கொண்ட ஆறுதலே என்று சொல்லும் அளவுக்கு அவர் போனார். ராதாகிருஷ்ணன் ஊன்றி நின்ற தூணையே இது அசைக்கிறது.

ஐரோப்பாவிலும் இந்த விவாதம் நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 அக்டோபரில் பாரிஸில் பேசிய ழான் பால் சார்த்தர், இருத்தலியமும் ஒரு மனிதநேயமே என்று வாதிட்டார். மனிதனுக்கு முன்கூட்டி எழுதிய இயல்பு எதுவும் இல்லை. தன் தேர்வுகளால் அவனே தன்னை உருவாக்குகிறான். அதனால் பொறுப்பும் முழுக்க அவனுடையது. இதற்கு ராதாகிருஷ்ணனின் பார்வையில் பதில் தேடினால், தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழும். கிருஷ்ணமூர்த்தியின் பார்வையில், தேர்ந்தெடுக்கிற அந்த 'நான்' யார் என்ற கேள்வி எழும். கடவுள் இல்லை என்றவர், ஆன்மா உண்டு என்றவர், இரண்டையும் நம்பாதே, பார் என்றவர் ஆகிய மூவருமே ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வார்கள்: தன் வாழ்க்கைக்கான பொறுப்பை மனிதன் இன்னொருவர் தலையில் கட்ட முடியாது.

இருவருக்கும் இடையில் பாலம் போல நிற்பவர் தாகூர். 1919-ல் அவர் மதனப்பள்ளி பெசன்ட் பிரம்மஞானக் கல்லூரியில் தங்கினார். 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் ஆக்கியது அங்கேதான். அதற்கு முந்தைய ஆண்டு, தாகூரின் தத்துவம் பற்றி நூல் எழுதியிருந்தவர் ராதாகிருஷ்ணன். பின்னாளில் தாகூரும் ஹிபர்ட் சொற்பொழிவு நிகழ்த்தினார். தலைப்பு: மனிதனின் சமயம். தேசிய கீதம் தந்த கவிஞரே தேசிய வெறியை எச்சரித்தவர் என்பதை நினைத்தால், மதனப்பள்ளியின் பெருமைக்கு ஆழம் கூடுகிறது.

இரண்டு பாதைகளிலும் பள்ளங்கள் உண்டு. மரபை உள்ளிருந்தே திருத்தலாம் என்ற ராதாகிருஷ்ணன், 1927-ல் வெளிவந்த தன் நூலில் சாதி அமைப்பின் தோற்றத்துக்குச் சமாதானம் சொன்னார். எல்லோரிடமும் ஒரே ஆன்மா என்ற தத்துவம் சேரிக்கு வெளியே நின்றுவிட்டதே என்று கேட்பவனுக்கு அந்தச் சமாதானம் போதாது. அமைப்பே வேண்டாம் என்ற கிருஷ்ணமூர்த்திக்கோ அறக்கட்டளைகளும் பள்ளிகளும் தேவைப்பட்டன. நூல் உரிமை, சொத்து தொடர்பாக முன்னாள் நண்பர் ராஜகோபாலோடு அமெரிக்காவில் வழக்குகூட நடந்து, 1974-ல் சமரசத்தில் முடிந்தது. கூலி வேலைக்குப் போகிறவனுக்குத் தன்னைக் கவனிக்க நேரம் ஏது என்ற கேள்வியும் அவரைத் துரத்தியது. பசித்தவனிடம் 'நான் யார்?' என்று கேட்கச் சொல்வது கொடுமை. ஆனால் சாப்பிட்டவன் அதைக் கேட்க மறுப்பதால்தான் பசி நீடிக்கிறது என்பதும் உண்மை.

தத்துவத்துக்கு உரைகல் எது? இருவரும் ஒரே இடத்தைக் காட்டினார்கள்: வகுப்பறை. ராதாகிருஷ்ணன் சுதந்திர இந்தியாவின் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1962-ல் குடியரசுத் தலைவரான பின், அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினமாயிற்று. கிருஷ்ணமூர்த்தியின் தொடர்பு இன்னும் நெருக்கமானது. மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் அவர் 'மந்தம்' என்று முத்திரை குத்தப்பட்ட மாணவன். பிரம்படி வாங்காத நாள் குறைவு. அந்தச் சிறுவன் வளர்ந்து, 1926-ல் வித்திட்ட ரிஷிவேலியில் ஒன்றை வலியுறுத்தினான்: பயம் இருக்கும் இடத்தில் கல்வி இருக்காது, ஒரு குழந்தையை இன்னொன்றோடு ஒப்பிடுவதே வன்முறை.

வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் படிக்கும் உறைவிடப் பள்ளிக்கு அது சரி என்று தள்ளிவிட முடியவில்லை. 1980-களில் ரிஷிவேலியின் கிராமக் கல்வி மையம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கியது. ஒரே அறையில் பல வயதுக் குழந்தைகள். பாடப்புத்தகத்துக்குப் பதிலாக அட்டைகள். சுவரில் ஏணி போல் வரைந்த படிகள். எந்தப் படியில் இருக்கிறோம் என்பது அந்தக் குழந்தைக்கே தெரியும். முந்துகிறவனும் இல்லை, பின்தங்குகிறவனும் இல்லை. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவந்து, அதைத் தங்கள் வகுப்புகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். சில ஆண்டுகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் அது தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பின்னர் வடிவம் மாறியது, குறைகளும் பேசப்பட்டன. ஆனால் ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கி, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார். மதனப்பள்ளியில் பிறந்த கேள்வி ஒன்று சேரிக்குள்ளும் நுழைந்த தருணம் அது.

ராதாகிருஷ்ணன் 1975-லும் கிருஷ்ணமூர்த்தி 1986-லும் மறைந்தார்கள். ஆன்மா உண்டா, இல்லையா என்ற வழக்கு தீரவில்லை, தீரவும் போவதில்லை. அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இருவரும் விட்டுச்சென்ற பாடம். தன்னைப் பற்றிய விசாரணை சரியான திசையில் போகிறதா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது: அடுத்தவரிடம் நாம் நடந்துகொள்ளும் விதம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது.

மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் மொட்டைத் தலைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. யார் ஏழை, யார் பணக்காரர் என்று தலையை வைத்துச் சொல்ல முடியாது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறுகிறாள். எழுந்து இடம் கொடுக்கப்போவது யார் என்பதில்தான் காணிக்கையின் கணக்கு இருக்கிறது.