மட்டை பிடித்த மருமகள்

மென்பந்து என்று ஓர் ஆட்டம் உண்டு. ஆங்கிலத்தில் ஸாப்ட்பால் என்பார்கள். அப்பெயரை நம்பி அந்தப் பந்தைத் தொடையில் வாங்கிக்கொண்டவர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் அதன் மென்மை இன்னதென்று சொல்வார்கள். 12 அங்குலச் சுற்றளவு, 177 முதல் 198 கிராம் வரை எடை. கிரிக்கெட் பந்தைவிடக் கனம் மிகுந்தது. 1887-இல் சிக்காகோ நகரில் ஒரு படகுக் கழகத்துக் கூடத்திலே குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடினார்களாம். அன்று அது மெய்யாகவே மெல்லிய பந்துதான். 1926-இல் ஸாப்ட்பால் என்ற பெயர் வந்தது. பந்து கல்லாயிற்று; பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

நம் இதழில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் எழுத வல்லார் பலர் உளர். நான் மட்டையைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் என் மருமகள். எங்கள் பக்கத்தில் அக்காள் மகளை மருமகள் என்பதே வழக்கு. சென்னை நண்பர்கள் வேறு பொருள் கொள்ள வேண்டா! அவளுக்குப் பன்னிரண்டு வயது. அக்காளை மணம் முடித்துக் கொடுத்த ஊர் திருப்புறம். நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாறு போகும் பக்கம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழர் மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே அக்காள் வீட்டில் அடுப்பங்கரையில் தமிழும் பள்ளியில் மலையாளமும் மைதானத்தில் ஆங்கிலமுமாக மூன்று மொழிகள் நடமாடுகின்றன. இந்த மூன்றாவது மொழியால் வந்த வினையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஓண விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். வாசலில் கால் வைக்கும்போதே மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவள், அன்று திண்ணையில் முகம் வாடி இருந்தாள்.

“என்ன மக்களே, களிக்கப் போகல்லியா?”

“எனக்கு வய்யா மாமா. நான் இனி போகல்ல. எனக்கு அடிக்கத் தெரியாதாம்.”

கடந்த ஆண்டு அவள் அடித்த பந்து பக்கத்து வீட்டுத் தென்னந்தோப்பில் விழுந்து, அதைத் தேடி நான் முள்ளில் கால் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அடிக்கத் தெரியாதென்று யார் சொன்னார்கள்? தெரிந்திருந்ததை மறக்கடித்தவர் யார்?

மறுநாள் அவளோடு மைதானத்துக்குப் போனேன். பள்ளியின் பெயரும் பயிற்சி அளித்தவர் பெயரும் இங்கே வேண்டா. அவர் கெட்டவர் அல்லர். ஒரு மணி நேரத்தில் முப்பது பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவர். ஆனால் அவர் கூவியவற்றை நான் எண்ணினேன். என் மருமகள் ஒரே ஒரு பந்தை எதிர்நோக்கி நின்ற இடைவெளியில் ஆறு கட்டளைகள். முழங்கையைத் தூக்கு. மேலிருந்து கீழே வெட்டு. தலையை ஆட்டாதே. காலை நீட்டி வை. பின்காலால் பூச்சியை நசுக்கு. ஓங்கி அடி. எல்லாம் ஆங்கிலத்தில்! அந்தப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பைச் சரி செய்துகொண்டு, கோயில் தூணில் செதுக்கிய சிலைபோல நின்றது. பந்து வந்தது; போயிற்று. அதற்குப் பிறகுதான் மட்டை அசைந்தது. “பூச்சி எங்கே இருக்கு மாமா?” என்று திரும்பி வருகையில் என்னைக் கேட்டாள். பரிகாசமாக அல்ல, மெய்யாகவே கேட்டாள். பின்பாதம் தானே திரும்ப வேண்டும் என்பதற்காக அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சொல்லிவந்த பழமொழி அது. இடுப்பு திரும்பினால் பாதம் அதன் பின்னே திரும்பும். இவளோ இடுப்பை மறந்து பாதத்தால் மண்ணை அரைத்துக்கொண்டிருந்தாள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வளர்கிற பிள்ளையின் அடியைத் திருத்துகிறோம் என்ற பெயரில் நாம் செய்வதெல்லாம், வளர்ந்தவரின் அடியை நிழற்படம் பிடித்து அதன் ஒவ்வொரு துண்டையும் பிள்ளையின் உடம்பில் ஒட்டுவதுதான். அடி என்பது துண்டுகளின் கூட்டம் அன்று. அது ஒரே ஓட்டம். முதலில் திருத்த வேண்டியது பிள்ளையை அன்று, அதன் கையிலுள்ள மட்டையை.

அந்த மட்டையை வாங்கிப் பார்த்தேன். மேல்வகுப்புப் பெண்கள் ஆடிக் கழித்த 34 அங்குல மட்டை. விதி இடங்கொடுக்கும் மிகப் பெரிய நீளமே அதுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 29, 30 அங்குலம் போதும். எடை அறுநூறு கிராமுக்குள் இருந்தால் நலம். மட்டையை ஒரு கையால் பிடித்துத் தோளுக்கு நேராக நீட்டச் சொல்லுங்கள். இருபது முப்பது எண்ணுவதற்குள் கை நடுங்கித் தாழ்ந்தால் அது அந்தப் பிள்ளைக்கு ஆன மட்டை அன்று என்பது பழகியவர்கள் சொல்லும் எளிய சோதனை. என் மருமகள் எட்டு எண்ணுவதற்குள் தாழ்த்திவிட்டாள். இப்படிப்பட்ட மட்டையை வைத்துக்கொண்டு பந்து வரும்போது சுழற்றத் தொடங்கினால் அது எப்போது வந்து சேரும்? ஆகவே அவள் உடம்பே ஒரு தந்திரம் கண்டுபிடித்தது: கைகளை முதலில் உதறி நீட்டி, மட்டையை ஒரு பெரிய வட்டத்தில் இழுத்து வருவது. பயிற்சியாளர் கண்ட குற்றங்கள் அத்தனையும் அந்தத் தந்திரத்தின் பிள்ளைகள். மூலத்தை விட்டுப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார்.

புதிய மட்டைக்குப் பணம் எங்கே என்பீர்கள். பணம் வேண்டாத வழியும் ஒன்று உண்டு. கைப்பிடியில் இரண்டு மூன்று அங்குலம் மேலேற்றிப் பிடிக்கட்டும். எடை குறையாது, ஆனால் சுழற்றுவதற்கு மட்டை இலேசாகிவிடும். சுழலும் பொருளுக்கு எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடை கையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதே பெரிது. நம் இயற்பியல் மாணவர்கள் இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். மைதானத்தில் மட்டும் யாரும் சொல்வதில்லை.

காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். வளர்ந்த பெண்கள் ஆட்டத்தில் எறிபவர் நிற்கும் இடம் 43 அடி தொலைவு. ஓர் எட்டு முன்வைத்து இடுப்புக்கருகே கையைச் சுழற்றி விடுவதால், பந்து கையை விட்டு நீங்கும்போது இன்னும் ஐந்தாறு அடி குறைந்துவிடும். மணிக்கு 60 மைல் வேகம் என்றால் அடிப்பவளுக்குக் கிடைப்பது சற்றேறக்குறைய 0.4 வினாடி. அறுபது அடிக்கு அப்பாலிருந்து மணிக்கு 95 மைலில் பேஸ்பால் எறிகிறவனை எதிர்ப்பவனுக்கும் ஏறத்தாழ அதே காலந்தான். சிறுமியர் ஆட்டத்தில் வேகம் குறைவு என்றாலும் அரை வினாடிக்கு மேல் அதிகம் இராது. அதற்குள் ஆறு கட்டளைகளை நினைவுகூர எந்த மூளையால் இயலும்?

இதற்கு வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 1941-இல் .406 என்ற சராசரி எடுத்த டெட் வில்லியம்ஸ், பேஸ்பால் வரலாற்றின் தலைசிறந்த அடிப்பாளருள் ஒருவர்; அடிக்கும் கலையைப் பற்றி நூலே எழுதியவர். 1960-களின் தொடக்கத்தில் வாட்டர்பரி நகரில் ஜோன் ஜாய்ஸ் என்ற இளம்பெண் எறிந்த மென்பந்தை அவரால் சரியாகத் தொடக்கூட முடியவில்லை. 2004-இல் ஆல்பர்ட் புஹோல்ஸ் என்ற பெருவீரருக்கும் ஜெனி பின்ச்சிடம் அதே கதி. இவர்களுடைய இடுப்பும் முழங்கையும் ஓரிரவில் கெட்டுப்போயினவா? இல்லை. தோளுக்கு மேலிருந்து வரும் பந்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, இடுப்பிலிருந்து புறப்படும் பந்து புரியவில்லை. எறிபவர் தோளும் கையும் அசைவதைக் கண்டே பந்தின் வழியை முன்னறியும் பயிற்சிதான் அவர்கள் திறமையில் பெரும்பங்கு. ஆகவே சிறு பிள்ளைக்கு நாம் கொடுக்க வேண்டிய முதற்செல்வம் நிறையப் பந்துகளைப் பார்க்கும் வாய்ப்பு. வரிசையில் இருபது பேருக்குப் பின்னால் நின்று, மூன்று பந்து அடித்துவிட்டு மீண்டும் வரிசைக்குப் போகும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்?

அப்படியானால் உடம்பின் இயக்கத்தைக் கற்பிக்கவே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நெய்யாற்றுப் படித்துறையில் நனைந்த போர்வையைக் கல்லில் அடித்துத் துவைக்கும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? கையால் மட்டும் அந்தப் போர்வையைத் தூக்க முடியாது. பின்காலில் பாரத்தை வாங்குகிறாள், முன்கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, அதன்பின் தோள், அதன்பின் கை, கடைசியில் போர்வையின் நுனி சவுக்காகப் பறக்கிறது. பூவாற்றுக் கரையில் கரமடி இழுக்கிறவர்களும் காலால்தான் இழுக்கிறார்கள்; கை வெறும் கொக்கி. மட்டையடியின் வரிசையும் இதுவே: கால், இடுப்பு, தோள், கை, மட்டை. ஒன்று தன் வேகத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு ஓய்கிறது. ஆய்வுக்கூடத்தில் கருவி வைத்து அளந்தவர்களும் இவ்வரிசையைத்தான் கண்டார்கள். திசை மட்டும் வேறு. போர்வை கீழே விழுகிறது, மட்டையோ பந்து வரும் தளத்திலேயே நேர்கொண்டு செல்ல வேண்டும். மேலிருந்து கீழே வெட்டு என்ற கட்டளையை நான் ஏற்காததும் இதனாலேயே. வெட்டுகிற மட்டை பந்தின் வழியை ஒரே புள்ளியில் மட்டும் குறுக்கிடுகிறது. உடன்செல்கிற மட்டைக்கோ கொஞ்சம் முன்பின்னானாலும் பந்து கிடைக்கும்.

கிரிக்கெட் ஆடும் அண்ணன்மாரிடம் பழகிய பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கே பந்து தரையில் குதித்து வருகிறது; மட்டை நெட்டாக இறங்குகிறது. இங்கே பந்து குதிப்பதில்லை. காரியவட்டத்தில் 2015-இல் எழுந்த பெரிய மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். மென்பந்து ஆடும் பெண்களைக் கண்டவர்கள் எத்தனை பேர்? பிள்ளை பார்த்துப் பழக நல்ல அடி கண்ணில் பட்டால்தானே! ஒலிம்பிக்கிலும் இந்த ஆட்டத்துக்கு நிலையான இடமில்லை. 1996-இல் நுழைந்தது, 2008-க்குப் பின் தள்ளப்பட்டது, 2021-இல் டோக்கியோவில் தலைகாட்டியது, 2024-இல் பாரிசில் இல்லை, 2028-க்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மீண்டும் வைத்திருக்கிறார்கள்.

அந்த விடுமுறையில் நாங்கள் செய்தது இவ்வளவே. ஒரு மூங்கில் கம்பை மருமகளின் இடுப்பு உயரத்துக்கு நட்டோம். அதன் தலையில் பழைய ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினோம். பந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. மட்டையை மேலேற்றிப் பிடிக்கச் செய்தேன். முழங்கையைப் பற்றியும் காலைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒன்றே ஒன்று சொன்னேன்: “அந்தப் பலாமரத்தின் அடியிலே பந்து போய் முட்டணும்.” உறுப்பின்மேல் எண்ணம் வைப்பவரைவிட, செயலின் பயன்மேல் எண்ணம் வைப்பவர் விரைந்து கற்கிறார் என்று காப்ரியேல் வுல்ப் என்ற அறிஞர் 1998 முதல் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அதைப் படித்திருந்தும், முதல் நாள் மூன்று முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கற்பிப்பவனுக்கு வாயை மூடுவதுதான் கடினமான பாடம்.

ஒன்று கேட்டாள்: “வலிச்சு அடிக்கணுமா, மெதுவா அடிக்கணுமா?” துணி துவைக்கிறாற்போல என்றேன். சிரித்தாள். பத்து நாளில் அவள் வீராங்கனை ஆகிவிடவில்லை. ஆனால் இடுப்பு தானே திரும்பத் தொடங்கியது. பின்பாதமும் தானே திரும்பியது, எந்தப் பூச்சியும் சாகாமலே. எட்டாம் நாள் பலாமரத்தில் பட்ட பந்தின் ஓசையைக் கேட்டு அக்காள் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். மரத்தில் தேங்காய் விழுந்ததென்று நினைத்தாளாம். பலாமரத்தில்!

பயிற்சியாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் அன்று. கேரளத்தில் விளையாட்டுக்குக் கருணை மதிப்பெண் உண்டு. கல்லூரி இடத்திலும் பங்கு உண்டு. நல்ல ஏற்பாடுதான்; நம்மில் சிலர் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த வழியும் அதுவே. ஆயினும் அதனால் ஓர் அவசரம் பிறந்துவிட்டது. பன்னிரண்டு வயதிலேயே தேர்வுக் குழுவின் முன் ‘சரியாக நிற்கும்’ பிள்ளை வேண்டும். சரியாக நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. சரியாகப் பார்ப்பது தெரிவதில்லை. பெற்றோரும் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். அக்காளே கேட்டாள், “இவளுக்கு மார்க்கு கிடைக்குமா?” என்று. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆட்டத்தை வெறுத்துவிட்ட பிள்ளைக்கு உறுதியாகக் கிடைக்காது என்றேன். அக்காளுக்கு அந்த மறுமொழி பிடிக்கவில்லை.

மொழியைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? தோள், இடுப்பு, கை, கால், கண், முட்டு. இச்சொற்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. தமிழ்ப் பிள்ளைக்கும் மலையாளப் பிள்ளைக்கும் ஒரே மூச்சில் புரியும் சொற்கள் வாயருகில் இருக்க, இருவருக்கும் பாதி புரிகிற ஆங்கிலத்தில் ஏன் கூவ வேண்டும்? கற்பிக்கப் போகும் உடற்கல்வி மாணவர்கள் நம் சங்கத்தில் மூவர் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன்.

மருமகள் மீண்டும் மைதானத்துக்குப் போகிறாள். கடந்த வாரம் தொலைபேசியில், தேர்வில் தன்னை எடுக்கவில்லை என்றும், ஆனால் மூன்று பந்தில் இரண்டு பட்டது என்றும் சொன்னாள்; இரண்டாவதைத்தான் உரக்கச் சொன்னாள். அவளுக்கு 29 அங்குல மட்டை ஒன்று வேண்டும். நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் 33-ம் 34-மே இருந்தன. பள்ளி நாளில் ஆடிய சிறிய மட்டை யாரிடமாவது வீட்டில் மூலையில் கிடந்தால், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வரும்போது சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பள்ளியில் அவளைப் போல் இன்னும் பதினோரு பிள்ளைகள் இருக்கிறார்கள்.