எதிர்ப்பொருளும் எல்லைக்கோடும்

2020 ஜூலையில் சென்னை மாநகராட்சியும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் இணைந்து 12,405 பேரின் குருதியைச் சோதித்தன. 21.5 சதவீதத்தினரிடம் கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2, இராயபுரத்தில் 34.4, மாதவரத்தில் வெறும் 7.1. வடசென்னை 'மந்தை எதிர்ப்பாற்றலை' நெருங்கிவிட்டது என்று இதை நற்செய்தியாக வாசித்தவர்கள் இருந்தார்கள்; இலக்கியம் பேசுவோரிடையேயும் இருந்தார்கள். அவ்வாசிப்பை நாங்கள் மறுக்கிறோம். (மந்தை என்ற சொல் வடசென்னையின்மேல் எத்தனை இயல்பாக வந்து உட்கார்ந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.)

எதிர்ப்பொருள் என்பது தொற்று வந்துபோன சுவடு. தொற்றி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தே குருதியில் தென்படும். மாதங்கள் செல்லச் செல்லப் பலரிடம் தேய்ந்துவிடும். எனவே 44.2 என்பது தண்டையார்பேட்டைக்குக் கிடைத்த கவசத்தின் அளவு அன்று. ஓர் அறையில் எத்தனை பேர் உறங்கினார்கள், எத்தனை குடும்பங்களுக்கு ஒரே குழாய், ஊரடங்கிலும் வேலைக்குப் போயே ஆகவேண்டியவர்கள் எத்தனை பேர் என்பவற்றின் அளவு அது. மாதவரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடைப்பட்ட 37 புள்ளிகளை உடற்கூற்றியல் விளக்கிவிடாது.

2011 மக்கள்தொகையான 67 லட்சத்தில் 21.5 சதவீதம் என்றால் 14 லட்சத்துக்கும் மேல். அந்த ஜூலை இறுதியில் நகரத்தில் உறுதிசெய்யப்பட்ட தொற்றுகளோ சுமார் 1 லட்சம். பதினான்கு பேருக்கு ஒருவரையே அன்றாட அறிக்கை அறிந்திருந்தது. விடுபட்டிருந்த 444 மரணங்கள் அரசுக் கணக்கில் சேர்க்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். ஆய்வின் உண்மையான பயன் இதுவே: காணாமற்போனவர்களைக் காட்டியது. அதைப் பாதுகாப்புச் சான்றிதழாக மாற்றியது வாசித்தவர்களின் குற்றம், ஆய்வாளர்களுடையது அன்று.

அச்சான்றிதழின் மதிப்பை உலகம் விரைவில் கண்டது. பிரேசிலின் மனாவுஸ் நகரில் 2020 அக்டோபருக்குள் முக்கால்வாசிப் பேருக்குத் தொற்றியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2021 ஜனவரியில் அங்கே பிராணவாயு தீர்ந்து மனிதர்கள் மாண்டார்கள். சென்னையின் 2021 மே மாதத்தை எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி வள்ளூர். மாநகராட்சியின் எல்லை எண்ணூர், கதிவாக்கத்தோடு நின்றுவிடுகிறது. கொசத்தலை ஆற்றுக்கு அப்பாலுள்ள வள்ளூர் திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சி. ஆகவே அந்த 12,405 பேரில் அதற்கு இடமில்லை. 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் அங்கே நிற்கிறது. அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் நாள்தோறும் எல்லையைக் கடந்து போய்வரும் நிலம் இது. கிருமியும் அவர்களோடு கடந்திருக்கும். கணக்கு மட்டும் கரையிலேயே நின்றுவிட்டது. அவ்வாண்டு இறுதியில் மாநிலம் முழுவதும் ஆய்வு நடந்தபோதும் முடிவுகள் மாவட்ட வாரியாகவே வெளியாயின. பழவேற்காட்டு மீனவர், திருத்தணி உழவர், வள்ளூரின் வடமாநிலத் தொழிலாளி மூவரும் ஒரே சராசரிக்குள் கரைக்கப்பட்டார்கள்.

அடுத்த பெருந்தொற்றின்போது குருதி மாதிரிகளை வார்டு எல்லைப்படி எடுப்பதோடு நிறுத்தலாகாது. தொழிலாளர் குடியிருப்பு, ஆலை வாயில், புறநகர் ரயில் தடம் என்ற வரிசையிலும் எடுக்க வேண்டும். அதற்கான வரைபடத்தை இப்போதே வரையலாம். கிருமி வந்தபின் வரைய அவகாசமிராது.