பல்லில் கீறிய கப்பல் மட்டும்தானா?

திமிங்கில வேட்டைக்காரர்களின் கைவேலை என்றதும், ஸ்பெர்ம் திமிங்கிலப் பல்லில் கீறிய கப்பல் படத்தைத்தான் காட்டுகிறார்கள். 'ஸ்கிரிம்ஷா' என்றால் அவ்வளவுதானா? பொறியாளனான எனக்கு இதில் கடுப்புதான்.

19ஆம் நூற்றாண்டில் நியூ பெட்ஃபோர்டிலும் நான்டக்கெட்டிலும் கிளம்பிய கப்பல்கள் திரும்ப மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த மாலுமிகள் வீட்டுக்காக என்னென்ன செய்தார்கள் பாருங்கள். பை மாவின் ஓரத்தை அழுத்தி வெட்டும் நெளிச் சக்கரம். கறிபாப் ஓரத்தை நாம் விரலால் மடிக்கிறோமே, அந்த வேலைக்கு. துணி கிளிப், உருட்டுக்கட்டை. எல்லாவற்றுக்கும் மேல் 'ஸ்விஃப்ட்'. நூல் சிட்டத்தை மாட்டி உருண்டையாகச் சுற்ற உதவும் கருவி. எலும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்திருப்பார்கள். குடை மாதிரி விரியும். சிட்டத்தின் அளவுக்கேற்பச் சுருங்கும். கணினியில் வரைந்தாலே எனக்கு ஒரு மூட்டு சரியாக உட்கார மூன்று தடவை ஆகிறது. அவன் ஆடும் கப்பலில், ரம்பமும் அரமும் கத்தியும் வைத்துச் செய்திருக்கிறான். இதைப் போய்ப் 'பொழுதுபோக்கு' என்கிறோம்!

படம் கலை, கருவி வெறும் சாமான் என்கிற மேட்டிமைதான் காரணம்.

"எல்லாம் கொலையின் மிச்சம்தானே?" என்பீர்கள். ஆமாம். எண்ணெய்க்காகக் கொன்றார்கள். லாபத்தில் பெரும்பங்கு முதலாளிக்கு. அதிகம் விலைபோகாத பல்லும் தாடை எலும்பும் மாலுமிக்கு. ஆனால் அந்த ரத்தம் படம் கீறிய பல்லிலும்தான் இருக்கிறது.

இனி ஸ்கிரிம்ஷா பற்றி எழுதுகிறவர்கள், ஒரு ஸ்விஃப்ட் எப்படி விரிகிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.