கண்ணாடிப் பலகையிற் சித்திரம்

தீவகத்திலுள்ள எமது கல்லூரியின் யூபிலி நினைவாக, கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் சித்திர வகுப்புக்குப் பலகைக் கணினிகள் வாங்கி அனுப்ப எண்ணியுள்ளனர் எனச் சங்கத்தார் வாயிலாக அறிந்தோம். 'ரப்லெற்' என்று பிள்ளைகள் சொல்லும் அக்கருவியில் விரலாலேனும் பேனா போன்றதொரு கோலாலேனும் படம் வரையலாம். எண்ணம் நல்லதே. ஆயினும் அது தாளுக்கும் தூரிகைக்கும் பதிலாக வருகின்றதா, அன்றித் துணையாக வருகின்றதா என்பதை அனுப்புவோரும் பெறுவோரும் முன்னரே தீர்மானித்தல் வேண்டும். இது குறித்துக் கருத்துக் கூறுமுன், எளியதொரு வரைதற் செயலியைச் சில வாரம் யானே பழகிப் பார்த்தேன். மாணவர் சிலர் கையிலும் கொடுத்துப் பார்த்தேன்.

கணினித் திரையில் வரைவது நேற்று வந்த புதுமையன்று. 1963 இலேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சி மாணவர் ஒளிப்பேனாவினால் திரையிற் கோடிழுத்துக் காட்டினார். அன்று ஓர் அறையை அடைத்து நின்ற கணினி இன்று பிள்ளையின் மடியிற் கிடக்கின்றது, அவ்வளவே.

தீவகத்துப் பிள்ளை பலருக்கு வர்ணப் பெட்டி எளிதிற் கிட்டும் பொருளன்று. தாள் வீணாகுமே என்று அஞ்சி, மூலையிலே கட்டைவிரலளவில் ஒரு வீட்டை வரைந்துவைத்துவிட்டுக் கைகட்டி இருக்கும் பிள்ளைகளை எத்தனையோ முறை கண்டிருக்கின்றேன். செயலியிலோ ஒரு பொத்தானைத் தொட்டால் இழுத்த கோடு மறைந்துபோகும். இது கவனமின்மையை வளர்க்கும் என்பாருமுளர். யான் அவ்வாறு எண்ணவில்லை. அச்சந் தெளிந்த கை பெரிதாக வரையத் துணிகின்றது. துணிந்த பின்னரன்றோ திருத்தம்!

கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேலொன்றாக அடுக்கியது போலப் படலம் படலமாக வரையும் வசதியும் அதில் உண்டு. அடியிற் கடல், அதன்மேற் கல்வேலி, அதன்மேற் குதிரை. நெடுந்தீவுச் சிறுவன் ஒருவன் தன்னூர்க் குதிரையை வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, அண்மை சேய்மை என்பதைத் தானாகவே கண்டுகொண்டான். கரும்பலகையில் ஒரு தவணை முழுதும் சொன்னாலும் பலர்க்கு விளங்காத பாடம் அது.

வர்ணம் ஊற்றும் வாளி என்றொரு கருவியும் உளது. எல்லைக்கோடு முற்றாக அடைபட்டிருந்தால் உள்ளிடம் நொடியில் நிறையும். மயிரிழை இடைவெளி இருந்தாலோ, வேலிப் பொட்டால் நுழைந்த ஆடு போல நிறம் படமெங்கும் பரந்துவிடும். நெடுந்தீவு வேலிகளோ சாந்தின்றி அடுக்கிய பவளக் கற்கள். கல்லுக்குக் கல் இடைவெளி. அங்கே வாளி உதவாது. ஒவ்வொரு கல்லையும் பார்த்துத் தீட்டுதல் வேண்டும்.

அவ்வாறு பார்ப்பதற்குத்தான் இக்கருவி இடங்கொடுப்பதில்லை. வெண்தாள் வெயிலை வாங்கித் திருப்பித் தருவது. திரையோ தன் ஒளியால் விளங்குவது. எம் தீவுகளின் வெயிலுக்கு முன் அவ்வொளி எம்மாத்திரம்? நண்பகலிற் பலகையை வெளியே கொண்டுசென்றால் படத்துக்குப் பதிலாக வரைபவன் முகமே தெரியும். குறிகட்டுவானிற் படகேறிய பின்னரோ, கடல்நீர்த் துளி விழுந்தவிடத்தை விரல் தொட்டவிடமாகக் கருவி மயங்கும். ஆகவே பிள்ளை அறைக்குள் ஒதுங்குகின்றான். பிறர் எடுத்த புகைப்படத்தையோ, செயலியில் ஆயத்தமாக உள்ள உருவங்களையோ கொண்டு படம் செய்கின்றான். யான் பழகிய செயலியின் மரவரிசையிலே தென்னை போன்ற ஒன்று உண்டு, பனை இல்லை. பனையின்றித் தீவகம் ஏது?

பிரித்தானிய ஓவியர் டேவிட் ஹொக்னி 2011 இல் யோர்க்ஷயர் நாட்டுப்புற வீதியொன்றில் வசந்தம் வந்த வகையை ஐபாட்டில் வரைந்தார். அவ்வரிசையில் 51 படங்கள் 2012 இல் இலண்டன் றோயல் அக்கடமியிற் காட்சிக்கு வைக்கப்பெற்றன. இதனைச் சான்று காட்டி, இனித் தாள் எதற்கு என்பர் சிலர். 1937 இற் பிறந்த அவர், அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாளிலும் துணியிலும் பழகிய கையோடு அக்கருவியை எடுத்தார் என்பதை அன்னார் மறந்துவிடுகின்றனர். யாழ்ப்பாணத்தில் 1938 இல் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் சித்திரக் கழகத்திலும் ஆசிரியர்கள் கூடித் தூரிகை பிடித்தே பழகினர். க. பொ. த. சாதாரணதரப் பரீட்சையிலும் எம் மாணவன் தாளிலேயே வரைந்து கொடுத்தல் வேண்டும்.

ஆதலின், பத்துப் பலகைகள் அனுப்ப எண்ணும் அன்பர்கள் ஐந்தை அனுப்புக. மிஞ்சும் பணத்தில் நீர்வர்ணமும் தூரிகையும் தடித்த தாளும் வாங்கலாம். சித்திர ஆசிரியர் பிள்ளைகளை நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அழைத்துச் செல்லும் படகுச் செலவையும் கொடுக்கலாம். பெருக்கு மர நிழலிலிருந்து தாளில் வரைந்ததைக் கல்லூரிக்கு மீண்டபின் பலகையில் வரைந்து, குதிரையை வேலிக்கு எப்புறம் நிறுத்துவது என அவர்கள் ஆராயட்டும். சங்கத்தார் விரைந்து முடிவு செய்வாராயின், சோளகம் எழுமுன் முதற் பயணத்தை நடத்திவிடலாம்.