ஏழை வீட்டு நாயில் கத்தி பழகுவதை நிறுத்துங்கள்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் இன்னும் இடம்கூடக் கிடைக்காத மாணவர்கள் அமெரிக்காவிலிருந்து புறப்படுகிறார்கள். மத்திய அமெரிக்காவிலோ தாய்லாந்திலோ ஆப்பிரிக்காவிலோ ஒரு கிராமத்தில் போய் இறங்குகிறார்கள். பயண நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் கட்டியாகிவிட்டது. இரண்டு வார முகாம். நாய்களுக்குக் கருத்தடை, ஆடுமாடுகளுக்குக் குடற்புழு மருந்து. சில முகாம்களில் இந்த மாணவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிற்பதில்லை. மயக்க ஊசி, தையல், சமயத்தில் கத்தியே அவர்கள் கைக்குப் போகிறது. இதற்குத் தொண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது தொண்டு அல்ல. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அந்தப் பிள்ளைகளின் மனத்தில் கெட்ட எண்ணம் இருப்பதாக நாம் சொல்லவில்லை. விலங்குகள் மீது உண்மையான பாசத்தோடுதான் பலர் போகிறார்கள். குற்றம் அவர்களைச் சுற்றி வியாபாரம் செய்கிறவர்களுடையது. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் சேர்க்கையின்போது, மருத்துவரோடு எத்தனை மணி நேரம் பணியாற்றினாய் என்று கணக்குக் கேட்கின்றன. அந்த மணி நேரத்தைப் பயண நிறுவனங்கள் விலைக்கு விற்கின்றன. விற்கப்படும் சரக்கு எது என்று பார்த்தால், யாரோ ஓர் ஏழையின் நாய், அவன் வீட்டு ஆடு.

பிரிட்டனில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெறாதவர் விலங்குக்கு அறுவை செய்வதைத் தடுக்கிறது. நம் நாட்டிலும் 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் சிகிச்சை உரிமையைப் பதிவு பெற்றவர்களுக்கே தருகிறது. மற்றவர்கள் செய்யலாம் என்று விட்டிருப்பது சிறு சிறு பணிகளை மட்டும், அதுவும் மேற்பார்வையில். தன் ஊரில் பக்கத்து வீட்டு நாயைத் தொட அனுமதியில்லாத ஒருவர், கடல் கடந்து போனதும் எப்படித் தகுதி பெற்றுவிடுகிறார்? அங்கே கேட்க ஆளில்லை என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?

பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வது சின்ன வேலை இல்லை. வயிற்றைத் திறந்து, சூலகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களை இறுகக் கட்டி, சூலகத்தை, பெரும்பாலும் கருப்பையோடு சேர்த்து, அகற்ற வேண்டும். அந்த முடிச்சு தளர்ந்தால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும், வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் போகலாம். நாய் மூலையில் சுருண்டு படுக்கும், ஈறு வெளுக்கும். அதைப் பார்த்ததும் ஆபத்து என்று புரிந்துகொண்டு மறுபடி வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் பிழைக்கும். முகாம் பேருந்து அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். தையல் பிரிக்கப் பத்து நாளாவது ஆகும். அதற்குள் புண் சீழ் வைத்தால், நாயைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் யாரிடம் ஓடும்? முகாம் முடிந்ததும் இத்தனை அறுவை செய்தோம் என்று எண்ணிக்கை வெளியிடுகிறார்கள். அவற்றில் எத்தனை நாய்கள் மறுவாரம் உயிரோடு இருந்தன என்று எண்ணிப் பார்க்க அங்கே ஒருவரும் தங்குவதில்லை.

ஆடுமாடு விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் அது வயிற்றுப்பாடு. எடை பார்க்காமல் குத்துமதிப்பாகக் குடற்புழு மருந்து கொடுத்தால், அளவு குறையும்போது மருந்தைத் தாங்கும் புழுக்கள் பிழைத்துப் பெருகுகின்றன. பின்னாளில் அதே மருந்தைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்குப் பலன் குறையும். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட பசுவின் பாலைக் குறிப்பிட்ட நாட்களுக்குக் கறக்கலாம், குடிக்கக் கூடாது. கிராமத்தாரின் மொழி தெரியாதவர் இதை எப்படிச் சொல்லிவிட்டு வருவார்? ஒரு பட்டியில் நின்ற காலணியைக் கழுவாமல் அடுத்த பட்டிக்குள் போனால் கோமாரியைச் சுமந்து போகலாம் என்பதையாவது அவருக்கு யாராவது சொன்னார்களா? இலவச முகாம் வரும் என்று காத்திருந்து பழகிய ஊரில், அங்கேயே பிழைப்பு நடத்தும் உள்ளூர்க் கால்நடைப் பணியாளரிடம் போக ஆளிருக்காது. அவர் தொழிலை விட்டுவிட்டால், முகாம் வராத பதினோரு மாதமும் அந்த ஊருக்கு மருத்துவமே இல்லை.

வெளியார் உதவியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். உதவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாட்டு வெக்கை நோய் ஒழிந்த கதையே சாட்சி. 1880களின் இறுதியில் அந்த நோய் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் நுழைந்தது. இத்தாலியப் படைக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சில ஆண்டுகளில் கண்டமெங்கும் மந்தைகள் மடிந்தன. எத்தியோப்பியாவில் உழ மாடில்லாமல் பெரும் பஞ்சம் வந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் சண்டை நடக்கும் பகுதிகளில் நோய் ஒட்டிக்கொண்டிருந்தது. தடுப்பூசிக்குக் குளிர்பதனம் வேண்டும், அங்கே மின்சாரம் இல்லை. ஜெஃப்ரி மரினர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வெயிலைத் தாங்கும் தடுப்பூசியை உருவாக்கினார். 37 பாகை வெப்பத்திலும் வாரக்கணக்கில் வீரியம் குறையாத மருந்து அது. ஊசியைப் போட்டவர்கள் மேய்ச்சல்காரர்கள். தென் சூடானின் டிங்கா, நூயர் மக்களிடமிருந்தும், எத்தியோப்பியாவின் அஃபார் மேய்ப்பர்களிடமிருந்தும் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த தென் சூடானில் 1993இல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது. 2011இல் நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அதுதான். வெளியிலிருந்து வந்தது மருந்தும் கல்வியும். மாட்டைத் தொட்ட கை அந்த ஊர்க் கை.

தொண்டர்களுக்கும் இடமுண்டு. மலாவியின் பிளான்டயர் நகரில் 2015 முதல் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி இயக்கம் நடக்கிறது. உள்ளூர்க் குழுக்களோடு வெளிநாட்டுத் தொண்டர்களும் தெருத்தெருவாகப் போகிறார்கள். நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்பது கணக்கு. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேரைக் கொல்லும் நோய் இது. தோலுக்கடியில் ஊசி போடுவதைப் பயிற்சியோடும் மேற்பார்வையோடும் செய்யலாம். நாயைப் பிடிக்கலாம், கணக்கு எழுதலாம். வயிற்றைக் கிழிப்பது வேறு.

ஆகவே கேட்கிறோம். மாணவர் சேர்க்கைக்கு அனுபவக் கணக்குக் கேட்கும் கல்லூரிகள், தகுதியில்லாமல் வெளிநாட்டில் செய்த அறுவையை அனுபவமாக ஏற்பதில்லை என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். பயண நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தில் எவ்வளவு அந்தக் கிராமத்தின் கால்நடைப் பணியாளருக்குப் போகிறது என்பதைக் கணக்கோடு வெளியிட வேண்டும். தங்கள் முகாம்களில் செத்த விலங்குகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே வெளியிட வேண்டும். முகாமுக்கு இடம் தரும் நாடுகளின் அரசுகள், பதிவு பெற்ற உள்ளூர் மருத்துவரின் பொறுப்பில் அல்லாமல் ஓர் ஊசிகூடப் போட அனுமதிக்கக் கூடாது. அறுவை நடந்த ஒவ்வொரு நாய்க்கும் பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போகிறவர் யார் என்பது அனுமதி விண்ணப்பத்திலேயே பெயரோடு இருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.