நாலே நாலு காய்கள்!

குமணன்சாவடிச் சந்திப்பில் இறங்கி நாலு பக்கமும் ஒரு முறை பாருங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் நடுவே மெட்ரோ ரயிலுக்காக எழுப்பிய தூண்கள். கீழே பஸ், லாரி, ஆட்டோ. கடைகளின் மாடிகளிலே விதவிதமான பலகைகள். ஹிந்தி கற்றுத் தரப்படும். அபாகஸ் கற்றுத் தரப்படும். சதுரங்கம் கற்றுத் தரப்படும்! ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கடைசிப் பலகையை இந்தப் பக்கத்தில் யார் கண்டது?

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கிருந்து அதிக தூரமில்லை, மேல் அயனம்பாக்கம். அங்கே பள்ளியில் படித்த குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரேனை வென்று, 18 வயதிலேயே உலகப் பட்டம் சூடினார். பிரக்ஞானந்தா பாடியிலே வளர்ந்தவர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் ஆசை வந்துவிட்டது. வரட்டுமே! நல்ல ஆசைதான்.

ஆனால் அந்த ஆசையோடு ஒரு நோயும் கூடவே வந்திருக்கிறது. அதற்கு ரேட்டிங் என்று பெயர்.

இந்த வட்டாரத்தில் குடியிருக்கும் ஒரு தகப்பனார் சென்ற மாதம் என்னிடம் சொன்னார்: "ரெண்டு வருஷமா மாசாமாசம் பணம் கட்டுறேன் சார். பையன் போட்டிக்குப் போறான், வர்றான். ரேட்டிங் ஏறவே மாட்டேங்குது. வர்ற மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

பையன் பக்கத்தில்தான் நின்றான். "ஆட்டம் பிடிக்குமா தம்பி?" என்று கேட்டேன்.

"பிடிக்கும் சார். தோத்தாத்தான் அப்பா பேசமாட்டாரு" என்றான்.

அந்தப் பையனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதிராளி இல்லாத ஆட்டம்

சதுரங்கத்தில் எதிராளியே இல்லாத ஒரு பகுதி உண்டு. கடிகாரம் இல்லை. பாயிண்டு இல்லை. தோற்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள யாரும் இல்லை. அதுதான் புதிர்க் கலை. யாரோ ஆடிய ஆட்டத்தின் நடுவிலிருந்து பிய்த்து எடுத்ததல்ல புதிர். ஒருவர் உட்கார்ந்து, யோசித்து, காய் காயாக வைத்து இயற்றியது. பாட்டு இயற்றுவது மாதிரி.

இதற்குச் சட்டதிட்டம் கடுமை. விடை ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் புதிர் செத்தது. வேலையில்லாமல் ஒரு காய்கூடப் பலகையில் நிற்கக் கூடாது. மார்கழி மாதத்துப் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும். ஆரம்பித்த இடத்திலே முடிய வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பாட்டி கண்டுபிடித்துவிடுவாள்! அதே கதைதான் இங்கும்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? வீட்டில் பலகை இருந்தால் எடுங்கள். நாலே நாலு காய்கள் போதும். வெள்ளை ராஜாவை எச் 8 கட்டத்தில் வையுங்கள், மூலைக் கட்டம். வெள்ளைச் சிப்பாய் சி 6. கறுப்பு ராஜா ஏ 6. கறுப்புச் சிப்பாய் எச் 5. வெள்ளை முதலில் ஆட வேண்டும். தோற்காமல் டிரா செய்ய வேண்டும்.

பார்த்தவுடன் சிரிப்பு வரும். கறுப்புச் சிப்பாய் ராணியாகக் கீழே ஓடப் போகிறது. வெள்ளை ராஜா அதைத் துரத்தினால் இரண்டு அடி பின்தங்கிவிடும். சரி, தன் சிப்பாயைக் காப்பாற்றலாம் என்றால் அது எங்கோ தொலைவில் இருக்கிறது. கறுப்பு ராஜா பக்கத்திலேயே நின்று அதை விழுங்கக் காத்திருக்கிறது. இரண்டும் நடக்காத காரியம். ஆட்டம் முடிந்தது என்று பலகையை மூடிவிடலாம்.

மூடாதீர்கள்! வெள்ளை ராஜா குறுக்காக நடக்கட்டும். முதலில் ஜி 7. கறுப்புச் சிப்பாய் எச் 4-க்கு வருகிறது. ராஜா எஃப் 6. இப்போது கறுப்பு ராஜா பி 6-க்கு வந்து சிப்பாயை மிரட்டுகிறது. வெள்ளை ராஜா இ 5!

நிறுத்திப் பாருங்கள். கறுப்பு ராஜா சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராஜா எஃப் 4-க்குத் தாவி, ஓடுகிற சிப்பாயைப் பிடித்துவிடும். வெட்டாமல் சிப்பாயை ஓட்டினால், வெள்ளை ராஜா டி 6-க்குப் போய்த் தன் சிப்பாயோடு சேர்ந்துகொள்ளும்; இரண்டு பக்கத்திலும் ராணி பிறக்கும்; ஆட்டம் சமம். நடக்காத காரியம் இரண்டு. ஒவ்வொன்றாக முயன்றால் இரண்டுமே தோல்வி. இரண்டையும் ஒரே நடையில் முயன்றால் ஏதோ ஒன்று பலித்தே தீருகிறது!

இதை 1921-ல் இயற்றியவர் ரிச்சர்டு ரெட்டி. சாமானியர் அல்லர். எட்டு ஆண்டுகள் தோல்வியே அறியாதிருந்த உலக வீரர் காபபிளாங்காவை 1924-ல் நியூயார்க்கில் தோற்கடித்தவர். அந்த வெற்றியைச் சரித்திரம் படித்தவர்கள்தான் அறிவார்கள். இந்த நாலு காய்ப் புதிரையோ சதுரங்கம் பயிலும் உலகமெல்லாம் அறியும்.

"நிஜ ஆட்டத்தில் இதெல்லாம் வருமா ஐயா?" என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சியாளர்களிலேயே பலர் கேட்கிறார்கள். வராமல் போகட்டுமே! தெருவில் யாரும் பரதநாட்டிய அடவு வைத்து நடப்பதில்லை. அதனால் நாட்டியம் வீண் என்று ஆகிவிடுமா?

டில்லியிலிருந்து போன கடிதம்

இந்தக் கலையில் நம் நாட்டின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1845-ம் ஆண்டு லண்டன் சதுரங்கப் பத்திரிகை ஒன்றுக்கு டில்லியிலிருந்து ஒரு புதிர் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் போட்டுக்கொண்ட புனைபெயர் "ஷாகிர்த்". சீடன் என்று அர்த்தம். ஆள் யார் என்றால், அங்கே இருந்த ஆங்கிலப் பாதிரியார் லவ்டே.

கறுப்பு ராஜாவுக்கு ஆட இடமே இல்லாமல் போகும் ஆபத்து. செக் இல்லாமல் அப்படி அடைத்துவிட்டால் ஸ்டேல்மேட். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் டிரா ஆகிவிடும். லவ்டே என்ன செய்கிறார்? தன் மந்திரியை வெகு தூரம் பின்னுக்கு இழுக்கிறார். பிறகு யானையை அதற்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, தன் மந்திரியின் பாதையைத் தானே அடைக்கிறார்! கறுப்பு ராஜாவுக்கு மூச்சுவிட ஒரு கட்டம் கிடைக்கிறது. ராஜா அங்கே போனதும் யானை விலகுகிறது. பின்னாலிருந்து மந்திரி பாய்கிறது. நாலாவது ஆட்டத்தில் மேட்! இந்த யுக்திக்கு இன்றுவரை உலகப் புதிர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "இந்தியன்".

ஓர் ஆங்கிலேயர் நமக்குப் பெயர் வாங்கித் தந்தார் என்பதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு. கொஞ்சம் வெட்கமும் உண்டு. இன்று நம் நாட்டிலும் புதிர் இயற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் சென்னையிலும் இருக்கிறார்கள். புதிர் இயற்றுவதற்கென்றே தனியாகக் கிராண்ட் மாஸ்டர் பட்டம் உண்டு. புதிர் தீர்ப்பதற்கு 1977 முதல் உலகப் போட்டியும் உண்டு. எத்தனை பேருக்குத் தெரியும்? கோப்பை வாங்கினால் மாலை. கலை படைத்தால் மௌனம்!

நமக்கு இது புதிதா? இல்லவே இல்லை. குமணன்சாவடியைத் தாண்டி இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே தூப்புலில் பிறந்தவர் வேதாந்த தேசிகர். அவர் வடமொழியில் செய்த பாதுகா சகஸ்ரத்தில் சித்திர பத்ததி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதிலே ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளை வரிக்கு எட்டாக நாலு வரி எழுதுங்கள். பாதிச் சதுரங்கப் பலகை! அதில் குதிரை தாவுகிற மாதிரி எழுத்துக்கு எழுத்து தாவிப் படித்தால் அடுத்த சுலோகம் வருகிறது. குதிரை ஒரு கட்டத்தையும் விடுவதில்லை. ஒரு கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிப்பதில்லை. பொருளும் கெடவில்லை, பக்தியும் கெடவில்லை. நாக பந்தம், ரத பந்தம், மாலைமாற்று என்று தமிழ்ப் புலவர்களும் இந்த வேலையில் சளைத்தவர்கள் அல்லர். தங்களைத் தாங்களே கட்டிப் போட்டுக்கொண்டு ஆடிக் காட்டிய பரம்பரை நம்முடையது.

குமணன் என்றதும் இன்னொன்றும் தோன்றுகிறது. (இந்தச் சாவடிக்கும் அவனுக்கும் உறவு உண்டா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை.) காட்டிலிருந்த வள்ளல் குமணன், நாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமல், தன் தலைக்குத் தம்பி வைத்த விலையைப் புலவர் பெறட்டும் என்று வாளையே எடுத்துக் கொடுத்தான். புதிர்க்காரர்களுக்கு இந்தக் குணம் ரொம்பப் பிடிக்கும். ராணியை வாரிக் கொடுத்துவிட்டு ஒரு சிப்பாயால் மேட் செய்வதிலே அவர்களுக்கு அப்படி ஓர் ஆனந்தம்!

ஆனந்தம் என்றதும் ஆனந்த் நினைவு வராமல் போகுமா? விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக மணிலாவில் இருந்தபோது, அங்கே டெலிவிஷனில் பகல் வேளையில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாயார் சுசீலா புதிரைக் குறித்து வைப்பார். மாலையில் தாயும் மகனுமாக உட்கார்ந்து தீர்த்து விடையை அனுப்புவார்கள். பரிசு, புத்தகம். ஓயாமல் இவனே பரிசு வாங்குவதைப் பார்த்து, "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்கள். இதை ஆனந்தே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தாயும் மகனும் எதிர் எதிராக உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். பலகையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பயிற்சிக் கூடங்களிலும் புதிர் தருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மணியில் ஐம்பது! விரலால் தட்டு, அடுத்தது, அடுத்தது. ஐம்பது ஜாங்கிரியை ஒரு மணியில் தின்றவனுக்கு ருசி தெரியுமா? வாரத்துக்கு ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை பலகையில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்க்கட்டும். மூன்று நாள் ஆகட்டும். பிறகு பையனையே ஒன்று இயற்றச் சொல்லுங்கள். அதில் பிழை இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். அழகாக இருக்கிறதா என்பதை வீட்டில் உள்ளவர்கள் சொல்லட்டும். பள்ளிகளில் ஆண்டு விழாவுக்குப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள். புதிர் இயற்றும் போட்டியும் ஒன்று வைத்தால் என்ன? செலவு ஒரு தாளும் பென்சிலும்தான்.

அந்தத் தகப்பனாரிடம் இதைத்தான் சொன்னேன். "அதுக்கு ரேட்டிங் உண்டா சார்?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் யோசிக்கிற வரைக்கும் பையனுக்கு ஒரு வேலை.

வெள்ளை ராஜா பி 6. வெள்ளைச் சிப்பாய் சி 7. கறுப்பு ராஜா ஏ 1; கறுப்பு யானை டி 5. இங்கேயும் நாலே காய்கள். கறுப்பு முதலில் ஆட வேண்டும். 1895-ல் கிளாஸ்கோ நகரத்துப் பத்திரிகை ஒன்றில் பார்பியர் என்பவர் இதை வெளியிட்டு, கறுப்பு டிரா செய்துவிடும் என்று வழியும் காட்டினார். அந்த ஊரில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் சாவெத்ரா, பெரிய ஆட்டக்காரர் அல்லர், அதைப் பார்த்துவிட்டு, "இல்லை, வெள்ளை ஜெயிக்கும்" என்றார். ஜெயித்தும் காட்டினார். அந்த ஒரே ஒரு நகர்த்தலுக்காக அவர் பெயர் இன்னும் வாழ்கிறது.

சிப்பாய் கடைசிக் கட்டத்தை மிதித்ததும் எல்லாரும் செய்கிற காரியத்தை அவர் செய்யவில்லை, தம்பி. அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.